கிராமிய அஞ்சல் பணியில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு, ஒரு கிளை போஸ்ட்மாஸ்டரின் மகள் எழுதும் திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தின் தென்பகுதியில், கண்மாய்த் தண்ணீரையும் ஐப்பசி மழையையும் நம்பியே நெல்லும் மிளகாயும் போடுகிற ஒரு சிற்றூரில், 1974 முதல் 2015 வரை கிளை போஸ்ட்மாஸ்டராக இருந்தவர் என் தந்தையார். சென்ற ஐப்பசியில், தம் 75ஆவது வயதில் காலமானார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேரை எனக்குத் தெரியாது. பக்கத்து ஊர்களிலிருந்து நடந்தும் ஷேர் ஆட்டோவிலும் வந்திருந்த வயதான பெண்கள், யார் எவர் என்று சொல்லிக்கொள்ளாமலே அம்மாவின் அருகில் உட்கார்ந்து, தங்களுக்கு எப்போது என்ன கடிதம் வந்தது, எந்தப் பஞ்சத்தில் எவ்வளவு பணம் வந்தது என்று அப்பாவின் வாழ்க்கையை வரவுசெலவுக் கணக்கைப் போல ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் எங்கள் வட்டாரத்தின் கிளை அஞ்சலகங்களுக்குப் புதியவர்கள் சிலர் தேர்வாகி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இணையவழியில் விண்ணப்பித்து, நேர்காணல் இல்லாமல் தேர்வாகி, பெயரைக்கூடக் கேட்டிராத ஊருக்கு உத்தரவு வாங்கி வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் பட்டதாரிகள் என்பதும், வேறு தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டே இதில் சேர்ந்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதில் குறை காண ஒன்றுமில்லை. என் தந்தையாரும் இது இரண்டு மூன்று ஆண்டு வேலை என்று எண்ணித்தான் சேர்ந்தார். அவரைப் போல இருங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அவர் வாழ்ந்த விதத்தில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது எது, எடுத்துக்கொள்ளவே கூடாதது எது என்று பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று தோன்றியது. அந்த வீட்டுக்குள் வளர்ந்தவள் என்பதால் அதற்கான தகுதி எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

அப்பா சேர்ந்த காலத்தில் இந்த வேலையைத் துறைசாராப் பணி என்றார்கள். ஆங்கிலத்தில் 'எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்' என்பதைச் சுருக்கி, ஊரில் 'இ.டி. வேலை' என்று சொல்வார்கள். 1964ஆம் ஆண்டு விதிகளின்படி நடந்த அந்த ஏற்பாட்டின் அடிப்படை எளிமையானது. கிராமத்தில் ஏற்கெனவே நிலமோ கடையோ வைத்துப் பிழைக்கும் ஒருவர், தம் ஓய்வு நேரத்தில் சில மணி நேரம் அஞ்சல் வேலை பார்ப்பார். அதற்கு ஒரு படி தரப்படும். ஆகவே பிழைப்புக்கு வேறு வழி உண்டு என்று காட்டினால்தான் வேலை. அஞ்சலகம் நடத்த இடமும் அவரே கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டின் தெருப்பக்கத்து அறை அப்படித்தான் அஞ்சலகம் ஆனது. சுவரில் சிவப்புப் பெட்டி, உள்ளே ஒரு மேசை, தரையோடு பிணைத்த இரும்புப் பெட்டி, மூலையில் பைகளைக் கட்ட அரக்கும் சணலும். அந்த ஓர் அறை போனபின் மீதி வீட்டில் எட்டுப்பேர் இருந்தோம்.

அவருடைய ஒரு நாளைச் சொல்கிறேன். விடியுமுன் மிளகாய்க் கொல்லைக்கும் ஆட்டுக் கொட்டிலுக்கும் போய் வந்து, குளித்து, திருநீறு பூசி, அறையைத் திறப்பார். முதல் வேலை தேதி முத்திரையின் எழுத்துகளை மாற்றி, அதற்கென்று இருக்கும் ஏட்டில் ஒருமுறை குத்திப் பார்ப்பது. பத்து மணிவாக்கில் மெயில் கேரியர் சைக்கிளில், எங்கள் கிளைக்கு மேலுள்ள அஞ்சலகமான சப் ஆபீசின் பையைக் கொண்டுவருவார். அரக்கு முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்த்து, பையை அவர் முன்னாலேயே அறுத்து, உள்ளிருக்கும் சீட்டோடு பணம், தபால்தலை, ரிஜிஸ்டர் கடிதங்கள், மணியார்டர்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் யார் நின்றாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பிறகு மக்கள், பிறகு கணக்கு, பிறகு பையைக் கட்டித் திருப்பி அனுப்புதல். விநியோகம் செய்துகொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற பின் அந்த இடத்துக்கு வெகுகாலம் ஆள் வராததால், பிற்பகலில் தம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றியுள்ள குக்கிராமங்களுக்கும் அவரே போனார்.

விதிப்படி இந்த வேலைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 5 மணி நேரம். ஆனால் அஞ்சலகம் இருப்பது வீட்டில். இரவு எட்டு மணிக்குச் சோற்றில் கை வைத்திருக்கும்போது, "போஸ்ட்மாஸ்டரய்யா, மருமகன் பணம் அனுப்புனேன்னு சொன்னாரே, வந்துச்சா?" என்று ஒருவர் திண்ணையில் நிற்பார். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அதை அவர் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. சிறுவயதில் இது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கூடுதல் மணி நேரங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதும், பதிவில் ஏறாத அந்த உழைப்பை விட்டுவிட்டே அந்த வேலையின் அளவு மறுபடி மறுபடி நிர்ணயிக்கப்பட்டது என்பதும் உறுத்துகின்றன.

1880இல் தொடங்கிய மணியார்டர்தான் எங்கள் ஊரின் உயிர்நாடியாக இருந்தது. சிங்கப்பூர், மலேசியா சென்றவர்களின் பணம் வேறு வழிகளிலும் வந்திருக்கலாம். ஆனால் சென்னையிலும் சூரத்திலும் பம்பாயிலும் முறுக்கு, மிட்டாய், ஹோட்டல் வேலைக்குப் போன பிள்ளைகளின் ஐம்பதும் நூறும் அப்பா கை வழியாகத்தான் வீடுகளுக்குப் போயின. படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சிறு இடம் உண்டு. அதில் 'அம்மாவுக்கு மருந்து வாங்கவும், தம்பி படிப்பை நிறுத்த வேண்டாம்' என்று எழுதி வரும். பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் அந்த வரியை வாசித்துக்காட்டுவது அவர் வழக்கம். பணம் கையில் விழுந்துவிட்டால் அந்த வரியைக் கேட்கும் பொறுமை யாருக்கும் இராது என்பார்.

முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்குகளுக்கு மாறும்வரை மணியார்டராகவே வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பணம் கொடுக்கையில் பத்தோ இருபதோ பிடித்துக்கொள்ளும் பழக்கம் நாட்டில் பல இடங்களில் இருந்ததை மறைப்பதில் பொருளில்லை. வாங்குகிற கிழவிகளே அதை நியாயம் என்று எண்ணி, நோட்டை நீட்டும் அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது. அப்பா அதை வாங்கியதில்லை. ஆனால் முருங்கைக்கீரை, ஒரு கைப்பிடி வரமிளகாய், கண்மாயில் பிடித்த அயிரை என்று வந்ததை மறுக்கத் தெரியாமல் வாங்கி வந்து அம்மாவிடம் திட்டு வாங்கியதுண்டு. "காசுன்னா திருப்பிக் குடுத்துடலாம், கீரையை எப்படித் திருப்பிக் குடுக்குறது?" என்பது அவருடைய வாதம். அம்மா அந்த வாதத்தை ஏற்றதேயில்லை. பணம் குறைவாக வந்து, எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாமற்போனால், முதலில் யாருக்கு என்பதை அவர் வரிசையை வைத்து முடிவு செய்ய மாட்டார். நடக்க முடியாதவர், தனியாக இருப்பவர், மறுநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் என்று ஒரு கணக்கு அவர் மனதில் இருந்தது. அதை எதிர்த்து ஊரில் சண்டையும் நடந்திருக்கிறது.

கைநாட்டு வைப்பவர்களுக்குப் பணம் கொடுக்கையில் எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தெருவில் போகிற யாரையும் கூப்பிட்டு அந்தச் சடங்கை முடித்துவிடலாம். அப்பா அப்படிச் செய்யாமல், பணம் வாங்குபவருக்கு வேண்டியவர் யாரோ அவரையே வரச் சொல்வார். வேண்டாதவன் சாட்சிக்கு நின்றால், அவளுக்கு இவ்வளவு பணம் வந்தது என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்பது அவர் கவலை.

இந்த இரகசியம் காக்கும் குணத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அந்த நாளில் எங்கள் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது. புருஷன் வெளிநாட்டில் இருக்க, மாமியார் வீட்டில் இருந்த சில பெண்களுக்கு 'மே/பா. போஸ்ட்மாஸ்டர்' என்று முகவரியிட்டே கடிதங்கள் வரும். வீட்டுக்குப் போனால் வேறொருவர் பிரித்துவிடுவார் என்பதற்காக அந்த ஏற்பாடு. அவர்கள் தண்ணீர் எடுக்க வருவதுபோல வந்து, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, பதிலும் சொல்லி எழுதவைத்துவிட்டுப் போவார்கள். அத்தனை குடும்பங்களின் அத்தனை சங்கதியும் அவருக்குத் தெரியும். ஒரு வரிகூட அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு இதில் வருத்தமும் உண்டு. ஊர்க் கதை முழுக்க ஒரு மனிதரிடம் இருந்தும் அவரோடு பேசி இரவைக் கழிக்க முடியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

தந்தி, 2013 ஜூலையில் சேவை நிற்கும்வரை, எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சாவுச் செய்தியாகவே வந்தது. தந்தியைக் கையில் வாங்கியவுடன் அப்பா உரிய வீட்டுக்கு நேராகப் போக மாட்டார். பங்காளி வீட்டிலோ எதிர்வீட்டிலோ ஓர் ஆளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அந்த வீட்டில் அடுப்பில் உலை இருக்கிறதா, கைக்குழந்தை யாரிடம் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தபின்தான் வாயைத் திறப்பார். இதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. தந்தி போய்விட்டது என்றாலும் கெட்ட செய்தி போய்விடவில்லை. நீதிமன்ற அறிவிப்பும் ஜப்தி நோட்டீசும் இன்று உங்கள் கையால்தான் போகின்றன. 2025இல் ரிஜிஸ்டர் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டபின் உறையின் மேல் இருக்கும் பெயர் மாறியிருக்கிறதே தவிர, அதைப் பிரிப்பவருக்கு உள்ளே இருப்பது அதேதான்.

சேமிப்புக் கணக்குகள் விஷயத்தில் அவர் கடைப்பிடித்த ஒரு வழக்கத்தை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாஸ்புத்தகத்தை வட்டி பதிவதற்காகவோ வேறு காரணத்துக்காகவோ சப் ஆபீசுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ரசீது கொடுத்து வாங்குவார். மற்றபடி யாருடைய புத்தகமும் ஒரு இரவுகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. "நீங்களே வச்சிருங்கய்யா, எங்க வீட்டுல எலி கடிக்கும்" என்று கெஞ்சுவார்கள், அசைய மாட்டார். மாதாமாதம் ஆர்.டி. என்னும் தொடர் சேமிப்புப் பணம் கட்ட வருபவர்களிடம், பதிந்த தொகையையும் மொத்தத்தையும் அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வாசித்துக்காட்டித் திருப்பிச் சொல்லவைப்பார். தமிழ்நாட்டிலும் வெளியிலும், பணத்தை வாங்கிப் புத்தகத்தில் மட்டும் எழுதிக் கணக்கில் ஏற்றாமல் விட்ட கிளை அஞ்சலகங்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு செய்தி வந்தபோதும் அப்பா தம் ஊர்க்காரர்களை வலியக் கூப்பிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு சப் ஆபீசுக்குப் போய் ஒருமுறை சரிபார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். தம்மைச் சந்தேகிக்கச் சொல்லி ஊரைத் தாமே தூண்டிய மனிதர் அவர்.

என் அக்காளின் கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை. உதவித்தொகை கொடுக்க வேண்டிய வாரம் என்பதால் இரும்புப் பெட்டியில் பணம் நிறைய இருந்தது. சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. பந்தல்காலுக்கு முதல்நாள், நெருங்கிய உறவினர் ஒருவர், பெட்டியிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டு மொய்ப்பணம் வந்ததும் வைத்துவிடலாமே என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் பேருந்தில் போய் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார். அதைவிட, அந்த உறவினர் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் அவர் கை நனைக்கவில்லை என்பதுதான் எங்களுக்கு வியப்பு. நேர்மையாக இருப்பது வேறு, நேர்மையை இவ்வளவு கடுமையாக வைத்திருப்பது வேறு. அந்தக் கடுமை வீட்டுக்குள் எங்கள்மேலும் விழுந்ததுண்டு.

இப்போது அம்மாவைப் பற்றி. இந்த வேலையில் விடுப்பு எடுக்க வேண்டுமானால் தம் பொறுப்பில் ஒரு மாற்றாளை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும்; மாற்றாள் செய்யும் பிழைக்கும் விடுப்பில் போனவரே பொறுப்பு. பணம் புழங்கும் இடத்தில் வெளியாளை நிறுத்த யாருக்குத் துணிவு வரும்? ஆகவே அப்பா விடுப்பே எடுக்கவில்லை. கண்ணில் புரை அறுவைசிகிச்சை செய்தபோது நான் கல்லூரி விடுமுறையில் வந்து மாற்றாளாக உட்கார்ந்தேன். அதற்கு முன்பும் பின்பும், அவர் விநியோகத்துக்குப் போன மதியங்களில் கேட்டவர்களுக்குத் தபால்தலை கொடுத்தது, வந்தவர்களை உட்காரவைத்தது, அறையைப் பெருக்கி மெழுகியது, இரவில் இரும்புப் பெட்டியுள்ள அறையில் படுத்துக் காவல் காத்தது எல்லாம் அம்மாதான். ஆடு வளர்த்தது, கொல்லையில் மிளகாய்ப் பழம் பறித்தது, அந்தப் பணத்தில் எங்களைப் படிக்கவைத்தது ஆகியவையும் அவரே. அப்பாவின் அர்ப்பணிப்பு என்று ஊர் இன்று பேசுவதில் பாதி, சம்பளமில்லாமல் அம்மா போட்ட முதல். இரங்கல் சொல்ல வந்த யாரும் அதைக் குறிப்பிடவில்லை என்பதால் நான் இங்கே குறிப்பிடுகிறேன்.

பணிநிலை பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 1977இல் உச்ச நீதிமன்றம், இந்தப் பணியில் இருப்பவர்கள் அரசின் கீழ் பதவி வகிப்பவர்களே என்றும், அரசமைப்பின் 311ஆவது பிரிவின் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அதாவது விசாரணையின்றி யாரும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. 1997இல், இந்த ஊழியர்களின் ஊதியத்தையும் பணிநிலையையும் ஆராய்ந்த நீதிபதி தல்வார் குழுவின் அறிக்கை வந்தது. 2001இல் கிராமிய அஞ்சல் ஊழியர் என்ற இன்றைய பெயரும் புதிய விதிகளும் வந்தன. 2016இல் அதே பொருளை ஆராய்ந்த கமலேஷ் சந்திரா குழு அறிக்கை அளித்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி 2018 மே மாதம் நாடெங்கும் கிராமிய அஞ்சல் ஊழியர்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபின், அடுத்த மாதமே மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாளொன்றுக்கு 4 மணி நேரப் பணிக்குக் கிளை போஸ்ட்மாஸ்டருக்கு மாதம் 12,000 ரூபாய், உதவியாளருக்கு 10,000 ரூபாய், 5 மணி நேரத்துக்கு முறையே 14,500, 12,000 என்று அடிப்படைத் தொகை அப்போது வந்ததுதான். அப்பா 65 வயது முடிந்து 2015இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அந்த உயர்வு கணக்கிடப்பட்டதோ 2016 ஜனவரி 1 முதல். செய்தியைப் பத்திரிகையில் வாசித்தபோது அவர் சந்தோஷப்பட்டார். "இனி வர்றவன் பொண்டாட்டி ஆடு மேய்க்க வேண்டாம்" என்றார்.

நிரந்தர அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியம் இந்தப் பணிக்கு இல்லை. நிரந்தரப் பதவிக்கு உயர்ந்தவர்கள்கூட, ஓய்வூதியத்துக்குத் தேவையான ஆண்டுகளை நிரப்பத் தங்களுடைய கிராமப் பணிக்காலத்தைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இந்தியாவில் உள்ள ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில்தான் இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பவர்கள் உங்களைப் போன்ற சுமார் இரண்டரை லட்சம் பேர். ஒருவர் தம் 24 வயதிலிருந்து 65 வயதுவரை ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார் என்றால், அதைப் பகுதிநேரம் என்று சொல்வதற்கு அவருடைய மகளாகிய எனக்கு மனம் வரவில்லை. இதில் கொள்கை வகுப்பவர்களுக்கு நிதிச்சுமை என்ற காரணம் இருக்கும். அந்தச் சுமையை இதுநாள்வரை சுமந்தவர்கள் யார் என்ற கேள்விக்கும் அவர்கள் ஒருநாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஓய்வு பெற்றபின் அஞ்சலகம் வேறு தெருவுக்குப் போனது. புதிதாக வந்த கிளை போஸ்ட்மாஸ்டர் வேறு மாவட்டத்துப் பையன், நல்ல பிள்ளை. ஊரில் பெயர்க்குழப்பம் அதிகம். முனியாண்டி என்ற பெயரில் மட்டும் ஒரே தெருவில் நான்கு பேர். கதவு எண்ணும் ஒழுங்காக இராது. அப்பாவிடம் இதற்கென்று ஒரு நீளநோட்டு இருந்தது: யார், யாருடைய மகன், பெண் எடுத்த ஊர், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் பெயர், வீட்டுக்கு அடையாளமாக ஒரு வேப்பமரம் அல்லது இடிந்த சுவர். அதை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் அந்தப் பையனிடம் போய் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

2018 செப்டம்பரில் அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கி, கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறை கிராமத்துக்கு வந்தபோது ஒரு புதுச் சிக்கல் எழுந்தது. கரிமூட்டம் போடும் பெண்களுக்கும், ஆண்டுக்கணக்கில் மிளகாய் காம்பு கிள்ளியவர்களுக்கும் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவி ஏற்காது. மூன்று முறை முயன்று, அவமானப்பட்டதுபோலத் திரும்பிப் போவார்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும் என்பதை அந்தப் பையன் சொல்லித் தெரிந்துகொண்ட அப்பா, ஈரத்துணியால் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்கச் செய்து, எது ஏற்கிறது என்பதை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதத் தொடங்கினார். 'இடக்கை மோதிரவிரல்', 'வலக்கை சுண்டுவிரல், காலையில் மட்டும்' என்று அந்தப் பக்கங்களில் பெயர்களுக்கு எதிரே எழுதியிருப்பதை அவர் காலமானபின்தான் முழுதாக வாசித்தேன். அஞ்சல் துறையோடு ஊதியத் தொடர்பு ஏதும் இல்லாத ஆண்டுகளில் அவர் செய்த வேலை அது.

பேரப்பிள்ளைகளிடம் அவர் எப்படி இருந்தார் என்று சொல்லாமல் முடித்தால் கதை பாதிதான். எங்களைத் தூக்கிக் கொஞ்ச அவருக்கு நேரமிருந்ததில்லை; அதைப் பேரப்பிள்ளைகளிடம் ஈடுசெய்தார். அக்காள் மகன்கள் இருவருக்கும் என் மகளுக்கும் ஞாயிறுதோறும் ஆளுக்கொரு ஐம்பது பைசா கார்டு எழுதுவார். அறிவுரை ஒரு வரி இராது. கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர், வெள்ளாடு எத்தனை குட்டி போட்டது, அம்மாச்சிக்கும் தாத்தாவுக்கும் எதில் சண்டை என்ற தகவல்கள் மட்டும் இருக்கும். பிள்ளைகள் பதில் எழுதியாக வேண்டும். பின்கோடு போடாமல் எழுதிய கார்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டு உறையில் வைத்துத் திருப்பி அனுப்புவார். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும், கடைசி மூன்று எண்கள் எந்த அஞ்சலகம் என்று, 1972 ஆகஸ்ட் 15இல் அந்த முறை வந்த கதையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பெரிய பேரன் இப்போது வெளிநாட்டில் கணிப்பொறி வேலையில் இருக்கிறான். தாத்தாவின் கார்டுகள் அனைத்தையும் அவன் வைத்திருக்கிறான் என்பது அவன் அழைத்துப் பேசியபோது தெரிந்தது.

2015 ஜனவரியில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது அப்பாவுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. என் மகளுக்கு நான்கு வயது. பிறப்புச் சான்றிதழோடு வரச்சொல்லி எங்கள் கிளையின் முதல் கணக்கை அவளுக்குத் தொடங்கினார். பிறகு, பத்து வயதுக்குட்பட்ட பெண்குழந்தை இருக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றார். ஆண்டுக்குக் குறைந்தது 1,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று அப்போது விதி. 2018இல்தான் அது 250 ஆனது. ஆயிரம் என்றதும் பின்வாங்கியவர்களிடம், மாதம் நூறு நூறாகக் கட்டலாம், நகையாகப் போட்டால் அடகுக்குப் போகும், இது போகாது என்று பேசினார். அடகுக்கடையின் வட்டியை அவரளவுக்கு அறிந்தவர் சொன்னதால் அந்தப் பேச்சு எடுபட்டது. என் மகளின் கணக்குக்கு ஆட்டுக்குட்டி விற்ற பணத்திலிருந்து சென்ற சித்திரைவரை கட்டிவந்தார்.

தம்பிகளே, தங்கைகளே, புத்தகத்தை ஒரு இரவும் வைத்துக்கொள்ளாதது, கெட்ட செய்தியைத் துணையோடு கொண்டுபோனது, கேட்ட இரகசியத்தைக் கேட்ட இடத்திலேயே விட்டது, எந்த விரல் என்று குறித்துவைத்தது ஆகியவற்றை அவரிடமிருந்து தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு அதிக நேரமும் ஆகாது. இரவு எட்டு மணிக்கு வேலை பார்த்ததை எடுத்துக்கொள்ள வேண்டாம். பணிச்சுமையை அளக்கும்போது பார்த்த வேலை முழுவதையும் கணக்கில் காட்டுங்கள். அது உங்களுக்கு மட்டும் நன்மை தருவதன்று. உங்களுக்குப் பின் அந்த மேசைக்கு வருபவரின் ஊதியமும் அதில்தான் தீர்மானமாகும். உரிய விடுப்பை எடுங்கள். கணக்கில் குறைவது போலத் தெரிந்தால், அப்பா செய்ததுபோலச் சட்டைப்பையிலிருந்து போட்டு வாய்மூடிக்கொள்ளாமல், எழுத்துமூலம் தெரிவித்து எங்கே பிசகியது என்று தேடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது உங்களுக்குப் பதிலாக மேசையில் உட்கார்ந்தால், அவருக்குரிய படியை அவர் கையில் கொடுங்கள். சங்கத்தில் சேருவது ஒழுங்கீனம் என்று யாராவது சொன்னால், 2018 மே மாதத்தை நினைவூட்டுங்கள்.

எங்கள் ஊரையும் சுற்றியுள்ள குக்கிராமங்களையும் பார்க்கும் கிளைகளுக்கு உங்களில் யார் வந்தாலும், அப்பாவின் நீளநோட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அதில் வீட்டு அடையாளங்களும் பெயர்களும் மட்டுமே உள்ளன. கடிதச் சங்கதி எதையும் அவர் எழுதிவைக்கவில்லை. விரல் குறித்த பக்கங்களை மட்டும், அந்தந்தப் பெண்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் தனியாகப் பிரதி எடுத்துத் தருகிறேன். சிலருக்கு இப்போது வேறு விரல் வேலை செய்யக்கூடும்; அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு அம்மாவிடம் இருக்கிறது. பகல் வேளையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிளை போஸ்ட்மாஸ்டர் ஒருவரின் மகள்